பள்ளிவாசல் கஞ்சியும் நம் பாத்திரமும்



நினைவுச் சொற்பொழிவில் பெரிய தத்துவம் எதையாவது எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நாம் பேசப்போவது ரமலான் நோன்பைப் பற்றி, அதிலும் கஞ்சியைப் பற்றி.

ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வளர்ந்த நம்மில் பலருக்கு இஸ்லாம் முதலில் அறிமுகமானது தூக்குச் சட்டி வழியாகத்தான். நோன்பு மாதத்தில், அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் வரிசை நிற்கும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, வசதி இருந்தால் கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால். நோன்பாளிகளுக்கு வைத்தது போக, பாத்திரம் நீட்டிய யாருக்கும் ஊற்றுவார்கள். எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க மாட்டார்கள். அகப்பை நம் சட்டியின் விளிம்பில் இடித்தால் யாரும் அதைக் கழுவ ஓடவில்லை. தனிக் குவளை பார்த்த சனத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2001 முதல் தமிழக அரசும் இந்தக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது. அதை ஒரு மதத்துக்குக் கொடுக்கும் சலுகை என்று பேசுகிறவர்கள் ஒருநாள் வந்து அந்த வரிசையைப் பார்க்கட்டும்.

ஆனால் கஞ்சி புரிந்த அளவுக்கு நோன்பு நமக்குப் புரியவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய வீடுகளில், வேலை இல்லாத நாளில் அடுப்பு எரியாது. பட்டினியை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோறு இருந்தும் ஒருவர் ஏன் சாப்பிடாமல் இருக்க வேண்டும்? கூட வேலை செய்த பாய்மார்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எச்சில்கூட விழுங்கக் கூடாதா என்று கேட்டபோது சிரித்தார்கள். விழுங்கலாமாம். மறந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டால்? நோன்பு முறியாது, அப்படியே தொடரலாம். பிறைக் கணக்கு என்பதால் நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். 2018இலும் 2019இலும் அது மே, ஜூன் மாதங்களில் வந்தது. கத்திரி வெயிலில், விடியலுக்கு முன் சாப்பிட்ட சஹர் சாப்பாட்டோடு, பொழுது சாயும்வரை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எண்ணூர், மணலி ஆலைகளில் ஷிப்டு பார்த்தவர்கள் உண்டு.

அதே சட்டம் விலக்கும் தருகிறது. நோயாளி, பயணி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு நோற்கலாம். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோற்பதில்லை, அந்த நாட்களையும் பின்னால் ஈடுசெய்கிறார்கள். முதுமையாலோ தீராத நோயாலோ நோற்கவே முடியாதவர், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு போட வேண்டும். பெருநாள் தொழுகைக்கு முன் பித்ரா கொடுக்க வேண்டும். வீட்டில் தலைக்குச் சுமார் இரண்டரைக் கிலோ தானியம், கைக்குழந்தைக்கும் சேர்த்து. தொழுகை முடிந்தபின் கொடுத்தால் அது பித்ரா கணக்கில் சேராது, சாதாரண தர்மம்தான். பண்டிகை நாளில் ஏழை வீட்டு அடுப்பு காத்திருக்கக் கூடாது என்று நேரம் குறித்து எழுதிய சட்டம் இது. நோன்பு திறக்கும் நேரமும் நிமிடக் கணக்கில் அச்சாகிச் சுவரில் ஒட்டியிருக்கும். நம் வீட்டுப் பட்டினிக்கு அப்படி அட்டவணை இருந்ததில்லை.

இடையில் ஒன்று. நோன்பு, தொழுகை, பெருநாள், பள்ளிவாசல் எல்லாமே தமிழ்ச் சொற்கள். பள்ளி என்பது சமணரும் பௌத்தரும் தங்கிய இடத்துக்கும் பெயர். அயோத்திதாசர் வழியில் சொற்களைத் தோண்டும் மாணவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது.

தித்திப்பை மட்டும் சொல்லிவிட்டு உட்கார முடியாது. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதி திராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். எதிர்ப்பக்கத்தில் சாதி இந்துக்களோடு முஸ்லிம்களும் நின்றார்கள். புளியந்தோப்பில் நம் குடிசைகள் எரிந்தன. இந்த வடசென்னையில்தான் அது நடந்தது. பாபாசாகேப் அம்பேத்கரும் இந்திய முஸ்லிம்களிடையே உள்ள சாதியைப் பற்றி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதே அம்பேத்கர் 1927 டிசம்பரில் மகாடில் மாநாடு கூட்ட இடம் தேடியபோது, சாதி இந்துக்கள் யாரும் நிலம் தரவில்லை. தந்தவர் ஃபத்தே கான் என்ற முஸ்லிம். மனுஸ்மிருதி எரிந்தது அந்த நிலத்தில். இரண்டையும் சேர்த்துத்தான் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கஞ்சி வாங்குவதோடு நிற்காமல் உள்ளேயே போனவர்களும் நம்மில் உண்டு. 1981 பிப்ரவரி 19 அன்று தென்காசி அருகே மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் திரளாக இஸ்லாத்தைத் தழுவின. நாடே பதறியது. அரபுப் பணம் என்றார்கள். தென்மாவட்ட முஸ்லிம் ஊர்களின் விருந்தில் சஹன் என்று ஒன்று வைப்பார்கள். ஒரே தட்டைச் சுற்றி இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து கைபோட்டுச் சாப்பிடுவது. ஒரு தட்டில் இன்னொருவன் கையோடு தன் கையும் படுவதற்கு என்ன விலை என்பது, அதை மறுக்கப்பட்டவனுக்குத்தான் தெரியும்.

அந்த விலையை அரசு வேறு கணக்கில் வசூலிக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். முஸ்லிமும் கிறிஸ்தவரும் இன்னும் வெளியே. ஒரே தெருவில், ஒரே சாக்கடை ஓரத்தில் வாழும் அண்ணன் தம்பியில் தம்பி நோன்பு வைக்கத் தொடங்கினால் அவன் சாதிச் சான்றிதழ் போய்விடும். சாதி போகாது. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு இதற்கென ஓர் ஆணையம் அமைத்தது.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். அடுத்த ரமலானில் உங்கள் பகுதிப் பள்ளிவாசலுக்குச் சட்டியோடு போங்கள், குறிப்பேடும் எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சி காய்ச்சுகிறவர் யார், அவருக்குக் கூலி என்ன, முன்வரிசையில் தொழுகிறவர் யார், நம் தெருவிலிருந்து மாறிப்போன குடும்பத்துக்கு அங்கே பெண் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் பாட்டியிடம், எத்தனை வருடமாக இந்த வரிசைக்கு வருகிறார் என்பதையும் கேட்டு எழுதி வாருங்கள்.