சுக்கிரன் கல்லும் சாயமில்லாத நிறமும்
(திருவண்ணாமலையில் செய்த சொற்பொழிவு)



சென்ற பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் ஒருவர் ஓபல் மோதிரம் விற்றுக்கொண்டிருந்தார். “இது சுக்கிரன் கல். அசைத்தால் நிறம் மாறுவது கிரகத்தின் சக்தி. போட்டால் பெண்ணுக்குக் கலியாணம் கூடிவரும்” என்றார். பக்கத்தில் நின்ற ஒரு விவசாயி, நெல் விற்ற பணத்தை மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். அவரைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நிறம் எப்படி வருகிறதென்று அவருக்கு யார் சொன்னார்கள்?

ஓபல் என்பது என்ன? மணலில் இருக்கும் சிலிகாவும் கொஞ்சம் தண்ணீரும்தான். அதில் சாயமே கிடையாது. நம் திருச்சியில் பிறந்த சி. வி. இராமனும் ஜெயராமனும் 1953-ல் அதை ஆராய்ந்து, நிறத்திற்குக் காரணம் உள்ளே இருக்கும் அடுக்கமைப்பே என்று எழுதினார்கள். 1964-ல் ஆஸ்திரேலியாவில் சாண்டர்ஸ் முதலியோர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, பழக்கடையில் சாத்துக்குடி அடுக்கியதுபோல ஒரே அளவான சிலிகா உருண்டைகள் தெரிந்தன. ஓர் உருண்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 4,000-ல் ஒரு பங்கு! வெளிச்சம் இந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது, இடைவெளிக்கு ஒத்த நிறமே பலமாக வருகிறது. இடைவெளி அதிகமானால் சிவப்பு, குறைந்தால் நீலம். மயிலிறகின் நீலமும் இந்த ஜாதிதான். நன்றாய் அரைத்தால் கறுத்த தூள்தான் மிஞ்சும். (முருகன் வாகனத்தை அரைக்கச் சொல்கிறானே என்று கோபிக்காதீர்கள், உதிர்ந்த இறகு ஒன்று போதும்.)

இனி மனிதன் செய்ததைக் கேளுங்கள். 2007 வாக்கில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும், நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளுக்கு ரப்பர்போல் மிருதுவான மேலுறை கொடுத்து, உருக்கி அழுத்தித் தேய்த்தார்கள். உருண்டைகள் தாமாகவே வரிசையாய் அமர்ந்துகொண்டன. ஒருவரும் கையால் எடுத்து வைக்கவில்லை, மந்திரமும் ஓதவில்லை. அந்தத் தகட்டை இழுத்தால், சைக்கிள் டியூப்போல மெலிகிறது, அடுக்குகள் நெருங்குகின்றன, சிவப்பு பச்சையாகிறது. விட்டால் மறுபடியும் சிவப்பு!

இது வேடிக்கை மட்டுமா? காலில் ஆறாத புண்ணுக்கு இறுக்கிக் கட்டுப் போடுகிறார்கள். தளர்ந்தால் பலனில்லை, மிஞ்சினால் இரத்த ஓட்டம் தடைப்படும். 2018-ல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், உருண்டைகளுக்குப் பதில் மெல்லிய ஏடுகளைச் சுருட்டி, இழுத்தால் நிறம் மாறும் இழை செய்து, அதைக் கட்டுத்துணியில் தைத்தார்கள். நிறத்தைப் பார்த்தே இறுக்கம் சரியா என்று அறியலாம்.

இதையெல்லாம் அந்த விவசாயியின் வீட்டுத் திண்ணையில் சொன்னேன். “மோதிரத்தைக் கொடுத்தால் பணம் திரும்புமா, அண்ணே?” என்றார். இருவரும் போய்ப் பார்த்தோம். விற்றவர் அங்கே இல்லை. திரும்பி வந்தபோது அவர் மகள் கல்லை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மைக்ராஸ்கோப்பு எங்கே இருக்கிறது, நம்மைப் பார்க்க விடுவார்களா என்று கேட்டாள்.