தாஹோவில் வீடு: எந்த அயல்?



வருமான வரிக் கணக்குப் பார்க்க வருபவர்களில் சிலர் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அண்ணை, சவுத் லேக் தாஹோவில் ஒரு சின்ன வீடு வாங்கிவிடலாமோ?" பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது. ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த ஊரில் அயலுக்கு அயல் செலவும் வேறு, ஆபத்தும் வேறு. எனவே எந்த அயல் என்பதை முதலில் பார்ப்போம்.

சன்னிவேலில் இருந்து ஏறக்குறைய நான்கு மணித்தியால ஓட்டம். ஏரிக்கரைக்குக் கிட்ட இருக்கும் அல் தாஹோ, பிஜூ பகுதிகள் சமதரை. கடையும் கடற்கரை போன்ற மணலும் கிட்ட. பழைய மரவீடுகள் அதிகம் என்பதால் கூரை, தண்ணீர்க் குழாய், சூடாக்கி மூன்றையும் நன்றாகச் சோதிக்க வேண்டும். தாஹோ கீஸ் 1960களில் சதுப்பு நிலத்தை வெட்டி வாய்க்கால்கள் அமைத்து உருவாக்கிய குடியிருப்பு. வீட்டுக்குப் பின்னாலேயே படகைக் கட்டலாம். ஆனால் சங்கக் கட்டணம் உண்டு, வாய்க்காலில் நீர்க்களை தீராத தொல்லை. மேயர்ஸ், கிறிஸ்மஸ் வலி இரண்டும் மலையடிவாரக் காட்டுப்பக்கம், அமைதியானவை. இவை நகர எல்லைக்கு வெளியே, எல் டொராடோ மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. ஆகவே வாடகை விதிகளும் வேறு.

அடுத்தது காட்டுத்தீ. 2007 யூனில் அங்கோரா தீ அந்த ஊர்ப்பக்கம் 250க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. 2021 ஓகஸ்ட் 30இல் கால்டோர் தீயால் முழு நகரத்தையும் வெளியேறச் சொன்னார்கள். ஏறக்குறைய 22,000 பேர், 50ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வரிசையாகக் கார்கள். 1995 ஒக்ரோபரில் நாவற்குழிப் பாலம் கடந்து வந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வீட்டைப் பார்க்கப் போகும்போது அந்த அயலில் இருந்து வெளியேற எத்தனை வழி இருக்கிறது என்று காரை ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு வழி என்றால் இரண்டு முறை யோசியுங்கள்.

இதனாலேயே காப்புறுதி இன்று பெரிய தலையிடி. வழமையான நிறுவனங்கள் மறுத்தால் கலிபோர்னியாவின் ஃபெயர் பிளான்தான் மிச்சம். அது தீக்கு ஈடு தரும். குளிரில் குழாய் வெடித்தாலோ களவு போனாலோ அதன் அடிப்படைக் காப்பு உதவாது, அதற்கு இன்னொரு காப்புறுதி எடுக்க வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் கட்டுப்படுமுன் காப்புறுதித் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

"விடுமுறைக்காரருக்கு வாடகைக்கு விட்டால் கடன் தானாக அடையும்" என்று சொல்பவர்களும் உண்டு. 2018 நவம்பரில் நகர மக்கள் வெறும் 58 வாக்கு வித்தியாசத்தில் குடியிருப்புப் பகுதிகளில் அப்படி வாடகைக்கு விடுவதற்குத் தடை கொண்டுவந்தார்கள். 2025இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதது என்றது. ஏழு வருடத்துக்குள் இரண்டு தரம் மாறும் விதியை நம்பி முப்பது வருடக் கடன் எடுக்கக் கூடாது. வாடகை வராவிட்டாலும் தவணை கட்ட முடியுமா என்றுதான் கணக்குப் போட வேண்டும்.

வரியிலும் ஒரு விடயம். 2017 டிசம்பர் நடுப்பகுதிக்குப் பின் எடுத்த கடன்களுக்கு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 750,000 டொலர் கடனின் வட்டிக்கே மத்திய அரசு வரிக்கழிவு தருகிறது. சன்னிவேலில் பலருக்கு முதல் வீட்டுக் கடனே அதைத் தொட்டுவிடும். அப்படியானவர்களுக்கு மலைவீட்டு வட்டியால் அந்தக் கழிவு கூடாது. நெவாடாப் பக்கம் வாங்கினால் வருமான வரி இல்லை என்பதும் எமக்குப் பொருந்தாது. சன்னிவேலில் வாழும்வரை நாம் கலிபோர்னியா வரிதாரர்களே.

கடைசியாக ஒன்று. அந்த ஊர் 6,200 அடிக்கும் மேலே. இருதய வருத்தம், மூச்சு வருத்தம் உள்ள அம்மா அப்பாவை அங்கே கொண்டுபோகலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். மனதுக்குப் பிடித்த அயலில் மாசியில் ஒரு கிழமை, ஆவணியில் ஒரு கிழமை வாடகைக்கு இருந்து பாருங்கள். பனியையும் புகையையும் பார்த்த பிறகும் ஆசை மாறாவிட்டால், அப்போது தாராளமாக வாங்கலாம்.