சேரியைத் தோண்டினால் என்ன கிடைக்கும்?

(திருக்கழுக்குன்றத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மலைக்கு வர்றவங்க முன்னெல்லாம் கழுகைப் பார்க்க வந்தாங்க. இப்ப கழுகு வர்றதில்லை, கல்லு இருக்கு. அந்தக் கல்லைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன்.

இந்த ஊர்க் கோயிலில் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 9ஆம் நூற்றாண்டின் கடைசியில வெட்டினது. அதுல என்ன எழுதியிருக்கு? இந்தக் கோயிலுக்கு ஸ்கந்தசிஷ்யன் என்ற பழைய அரசன் இறையிலி நிலம் கொடுத்தான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதைக் காப்பாற்றினான். அதையே இப்போ ஆதித்தனும் உறுதிப்படுத்துகிறான். அவ்வளவுதான் சேதி. நரசிம்மன் வாதாபியைப் பிடித்தது 642இல். அதாவது குறைந்தது இருநூத்தைம்பது வருஷம் ஒரு நில உரிமையைத் தொலையாமல் பார்த்துக்கிட்டாங்க. பக்தி என்று நமக்குக் காட்டப்படுகிற கல்லு உண்மையில் ஒரு பட்டா. புதுப்பிக்கப்பட்ட பட்டா.

சரி, நம்ம பட்டா எங்கே?

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பண்ணையடிமை முறையை மட்டும் அவர் எழுதவில்லை. சேரி மக்கள் குடிசை போட்டிருக்கிற மனைகூட மிராசுதாரர் கையில் இருக்கிறது, எதிர்த்துப் பேசினால் வீட்டை விட்டே விரட்ட முடியும் என்பதையும் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அப்புறம் விற்றாலும் ஒடுக்கப்பட்டவருக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. நூறு வருஷம் கழித்து, அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு காரணையில் மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் உயிர் கொடுத்தார்கள். கோயில் நிலத்துக்குக் கல்லு சாட்சி. நம்ம நிலத்துக்கு ரத்தம் சாட்சி.

இப்ப தொல்லியலுக்கு வருவோம். கீழடியில் 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. 2017-18லிருந்து மாநிலத் துறை தோண்டுகிறது. சிவகளை இரும்புக்கு கி.மு. 3345 வரை காலக்கணக்கு வந்திருக்கிறது என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? எல்லாரும் கேட்பது "எவ்வளவு பழசு" என்றுதான். "யாருடையது" என்று யார் கேட்கிறார்கள்?

எழுத்து வந்த பிறகான காலத்தையும் மண்ணைத் தோண்டிப் படிக்கிறார்கள். அதற்கு வரலாற்றுத் தொல்லியல் என்று பேர். எழுத்துதான் இருக்கே, அப்புறம் எதுக்குத் தோண்டணும்? எழுதினவன் யாரைப் பற்றி எழுதவில்லையோ அவங்களைக் கண்டுபிடிக்கத்தான்.

நியூயார்க்கில் 1991இல் ஒரு அரசாங்கக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினப்போ எலும்புக்கூடுகள் வந்தன. ஆப்பிரிக்க அடிமைகளின் இடுகாடு. நானூற்றுக்கும் மேற்பட்ட உடல்கள். நாட்டின் வடபகுதியில் அடிமை முறை இருந்ததே அங்கே பலருக்கு மறந்துபோயிருந்தது. கருப்பின மக்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்க முன்னோரை எங்களைக் கேட்காமல் தோண்டாதே என்றார்கள். வேலை நின்றது. ஆய்வு கருப்பின மக்களின் ஹாவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனது. சுமை தூக்கித் தேய்ந்த முதுகெலும்பும், சத்தில்லாமல் செத்த குழந்தைகளும் சாட்சி சொன்னார்கள். 2003இல் மரியாதையோடு திரும்ப அடக்கம் செய்தார்கள். 2006இல் அது தேசிய நினைவிடம். போராடினதால் கிடைத்த வரலாறு அது.

இங்கே ஒருக்கல் மண்டபத்துக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க. 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பேரை வெட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் துணி வியாபாரம் செய்தவர்கள். அதே காலத்தில், 1659-61இல், போரும் பஞ்சமும் தஞ்சைச் சீமையை நாசமாக்கினப்போ 8,000 பேருக்கு மேல் அடிமைகளாகக் கப்பலேறினார்கள். பெரும்பகுதி இலங்கைக்கு. வாங்கினவர்கள் டச்சுக் கம்பெனிக்காரர்கள். வாங்கினவன் பேரு கல்லுல இருக்கு. போனவங்க பேரு எந்தக் கல்லுல இருக்கு?

"சேரியில தோண்டி என்னப்பா கிடைக்கும், மண்சுவரும் ஓலையும்தானே" என்று ஒரு படித்த நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். மனை நம்முடையதில்லை என்றால் எவன் செங்கல் வாங்கிக் கட்டுவான்? ஓலை மக்கிப்போகும். டீக்கடையில் நமக்கு ஊத்தின கொட்டாங்கச்சியும் மக்கிப்போகும். ஆனா குடிசைக்கு நட்ட கம்பத்தின் குழி மண்ணில் கருப்பாகத் தெரியும். அடுப்புச் சாம்பல், எலும்புத் துண்டு, உடைஞ்ச சட்டி இருக்கும். ஊர்க் குப்பையில் பீங்கானும் சேரிக் குப்பையில் மண்சட்டியும் மட்டும் கிடைத்தால் அதுவும் ஓர் ஆவணம். இல்லாமையும் சாட்சிதான் தோழர்களே, படிக்கத் தெரிந்தால்.

சேரி என்ற சொல்லையே எடுங்க. 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் பன்னிரண்டு சேரி வருகிறது. அதெல்லாம் பார்ப்பனர்கள் சபை நடத்திய ஊரின் பகுதிகள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. தீண்டாமை ஆதியிலிருந்தே இருந்தது என்று சொல்றவனுக்கும், வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்றவனுக்கும் இந்த ரெண்டு கல்லும் பதில். அது ஒரு காலத்தில் உண்டாக்கப்பட்டது. உண்டாக்கப்பட்டதை உடைக்க முடியும்.

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள். நீங்களே கடப்பாரை எடுக்க வேண்டாம். அனுமதியில்லாமல் தோண்டினால் சட்டச் சிக்கல், சாட்சியும் கெட்டுப்போகும். உங்க சேரியின் வரைபடம் போடுங்க. பழைய கிணறு, இடுகாடு, பாதை எங்கே இருந்தது என்று குறிங்க. ஆயா, தாத்தாவிடம் கேட்டு எழுதுங்க. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டுங்க. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்க. தாலுகா ஆபீசில் 'அ' பதிவேடும் பழைய செட்டில்மென்ட் பதிவேடும் கேளுங்க. தரமாட்டேன் என்றால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கு. ரெண்டுக்கும் இடையில் எந்த இடத்தில் நம்ம பேரு காணாமல் போச்சு என்று பாருங்க.

ஸ்கந்தசிஷ்யன் கொடுத்ததை ஆதித்தன் காலம் வரை காப்பாற்ற அவங்களுக்குக் கல்லும் அரசும் இருந்தது. நமக்கு நோட்டும் பேனாவும் இருக்கு. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருத்தரும் உங்க ஊரின் ஒரு சர்வே எண்ணோடு வாங்க.

ஜெய் பீம்.