அணைய மறுக்கும் கணினி



அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும், இப்போது சில இல்லங்களிலுங்கூட, ஒரு கணினியின் வட்டிலுள்ள கோப்புகளை மற்றக் கணினிகளும் எடுத்தாளும்படி வலையமைப்பின் வழியே பகிர்ந்து வைக்கும் வழக்கம் உண்டு. அவ்விதம் பகிரப்பட்ட கோப்புறை அடுத்த அறையில் இருந்தாலும் அடுத்த ஊரில் இருந்தாலும், பயன்படுத்துகிறவருக்குத் தம் சொந்தக் கணினியின் ஓர் அங்கமாகவே தோற்றம் அளிக்கும். சௌகரியமான மாயைதான், ஆனால் தொலைவிலுள்ள சர்வர் நின்றுபோனாலோ, வைஃபை தொடர்பு விட்டுப்போனாலோ அம்மாயை கலைகிறது. அன்று மாலை ஷட்டவுன் கட்டளை பெற்ற கணினி, அணையப்போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, கறுத்த திரையில் ஏதோ ஒரு வரியை எழுதி வைத்துக்கொண்டு ஸ்தம்பித்து நின்றுவிடுகிறது. பொறுமையிழந்தவர் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அதை அணைத்துவிட்டு, இயந்திரத்தின் மூடத்தனத்தை நிந்திக்கிறார். அந்த நிந்தனை நியாயமானதன்று என்பதே என் கட்சி.

1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் என்.எஃப்.எஸ். என்னும் கோப்புப் பகிர்வு முறையை உருவாக்கியபோது, எந்தக் கணினி எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்ற ஞாபகம் எதையும் சர்வரின் தலையில் சுமத்தாமல், பதில் வரும்வரை அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பும் பொறுப்பைக் கேட்கிற கணினியிடமே விட்டார்கள். இதனால் சர்வர் நடுவில் விழுந்து மறுபடி எழுந்தாலும், காத்திருந்த வேலைகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன, கோப்புக்கும் பங்கமில்லை. பதிவுத் தபால் அனுப்பியவர் ஒப்புதல் அட்டை கைக்கு வரும்வரை காரியம் முடிந்ததாகக் கருதாதது போன்ற கண்டிப்பு இது. தாமதிக்கிற சர்வரிடமிருந்தும் அடியோடு செத்துப்போன சர்வரிடமிருந்தும் வருவது ஒரே மௌனமாகையால், எது எதென்று கணினி எங்ஙனம் அறியும்?

இக்கண்டிப்பைத் தளர்த்தவும் வழி வைத்திருக்கிறார்கள். 'சாஃப்ட்' என்ற முறையில் இணைத்தால், சில தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, பிழை என்று நிரலுக்கு அறிவித்து விலகிக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பைச் சரிவரக் கவனிக்காத நிரல்கள் உலகத்தில் அநேகம்; அவை எழுதிய கோப்பு பாதியில் சிதைந்து கிடப்பது, என்றோ ஒருநாள் அதைத் திறக்கும்போதுதான் தெரியவரும். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் என்.எஃப்.எஸ். இணைப்புக்கு விடாப்பிடியான 'ஹார்ட்' முறையே இயல்பாக வைக்கப்பட்டிருப்பது இந்த நஷ்டத்தை உத்தேசித்துத்தான். நிரல் எழுதிவிட்டதாக நம்பும் தகவலில் ஒரு பகுதி நினைவகத்திலேயே தங்கியிருக்கக்கூடும். கணினி அணையும் வேளையில் அதைச் சேர்க்க வேண்டிய இடம் காணாமற்போயிருந்தால், அது காத்திருக்காமல் வேறென்ன செய்யும்? இவ்வாறு காத்திருக்கும் நிரல், முன்னெல்லாம் வலுக்கட்டாயமாக முடிக்கும் கட்டளைக்கும் அசையாது. 2008இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.25 பதிப்புக்குப் பிறகே அந்தக் கட்டளைக்கேனும் செவிசாய்க்கலாயிற்று.

உண்மையான குற்றம் பெரும்பாலும் கிரமத்தில் இருக்கிறது. முதலில் பகிர்வுக் கோப்புறையைக் கழற்றி, பிறகுதான் வலையமைப்பை நிறுத்த வேண்டும். லினக்ஸில் 2010 முதல் வழங்கிவரும் சிஸ்டம்டி என்னும் நிர்வாக நிரல், எந்த வரிசையில் தொடங்கிற்றோ அதற்கு நேர்மாறான வரிசையில் நிறுத்தும் நியதி உடையது, என்.எஃப்.எஸ்., சிஃப்ஸ் போன்ற பகிர்வு முறைகளின் பெயர்களைக் கண்டமாத்திரத்தில் இவை வலையமைப்பைச் சார்ந்தவை என்று உணர்ந்துகொள்ளும். பெயரைக்கொண்டு கண்டுபிடிக்க முடியாதவற்றுக்கு இணைப்புகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'நெட்டெவ்' என்ற குறிப்பை நாமே எழுத வேண்டும். இவ்வளவு ஏற்பாடு இருந்தும், வைஃபை தொடர்பு பயனரின் சொந்த அமர்வோடு பிணைக்கப்பட்டிருந்தால், அவர் வெளியேறிய க்ஷணமே தொடர்பு அறுந்து, கழற்றப்படாத கோப்புறை அந்தரத்தில் நின்றுவிடும். வி.பி.என். வழியாக இணைத்தவர்களுக்கும் இதே விபரீதம் நேர்வதுண்டு. அப்போது சிஸ்டம்டி, ஒரு சேவையை நிறுத்த இயல்பாக 90 விநாடி அவகாசம் தந்து, கழிந்த நேரத்தைத் திரையில் எண்ணிக் காட்டுகிறது. அந்த 90ஐ எல்லாச் சேவைகளுக்கும் சேர்த்து 10 ஆகக் குறைத்துவிடும்படி போதிக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். தரவுத்தளம் போன்றவை ஒழுங்காக மூடிக்கொள்ள அந்த அவகாசம் வேண்டியிருப்பதால் எனக்கு அது சம்மதமில்லை.

லெஸ்லி லாம்போர்ட் என்னும் கணினி அறிஞர் 1987இல் சகாக்களுக்கு எழுதிய மின்மடல் ஒன்றில், இருப்பதாகவே நாம் அறியாத ஏதோ ஒரு கணினி பழுதடைவதால் நம் கணினி பயனற்றுப்போகும் அமைப்பையே பரவிய கணினி அமைப்பு என்று பரிகாசமாக வரையறுத்தார். அந்தப் பரிகாசத்தைப் பிரத்தியட்சமாகக் காண ஒரு மடிக்கணினியும் ஒரு பகிர்வுக் கோப்புறையும் போதும்.

பரிகாரங்களுள் நான் மேலாகக் கருதுவது, கோப்புறையை நாள் முழுவதும் இணைத்து வைக்காமல், தொட்டபோது இணைந்து, சில நிமிஷம் சும்மா இருந்தால் தானே கழன்றுகொள்ளும்படி செய்யும் ஆட்டோமவுண்ட் ஏற்பாடு. அணைக்கும் வேளையில் அநேகமாக எதுவுமே இணைந்திராது. மற்றொரு பரிகாரமான, 'லேசி' முறையில் கழற்றும் கட்டளையோ, கோப்புறையைக் கண்ணிலிருந்து அகற்றுமேயன்றி, எழுதப்படாமல் நின்ற தகவலைக் காப்பாற்றித் தராது.

ஆகையால் நேயர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அலுவலகத்தை விட்டுப் புறப்படுமுன் பகிர்வுக் கோப்புறையைக் கழற்றிவிடுங்கள். மறந்துபோய்த் திரை உறைந்து நின்றால், மின்பொத்தானில் கை வைக்குமுன் கம்பி செருகியிருக்கிறதா, சர்வர் ஓடுகிறதா என்று பாருங்கள்; உங்கள் கணினியின் வலையமைப்புச் சேவை இன்னும் நிறுத்தப்படாத பட்சத்தில், தொடர்பு மீண்டதும் நின்ற வேலை முடிந்து கணினி தானாகவே அணைந்துவிடும்.