மையக் கருத்தைக் கண்டறிதல்



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. அதனை நமக்கு முன்னர்ப் பேசியோர் நிறைவாகவே பேசிவிட்டனர். நாம் எடுத்துக்கொள்வது சிறு பொருள். போட்டித் தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து, 'இதன் மையக் கருத்து யாது?' எனக் கேட்கிறார்களே, அந்த வினாவைப் பற்றியது.

இந்தியக் குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வில் 2011ஆம் ஆண்டு 'சிசாட்' எனப்படும் இரண்டாம் தாள் புகுத்தப்பட்டது. 80 வினாக்கள், 200 மதிப்பெண்கள், 2 மணி நேரம். 2015 முதல் இதில் 33 விழுக்காடு, அதாவது 66 மதிப்பெண், பெற்றால் போதும் என்றாயிற்று. 'போதும்' என்ற சொல்லைக் கேட்டு அயர்ந்துவிடலாகாது. அந்த 66 வரவில்லையெனில் முதல் தாளில் எத்துணைப் பெற்றிருந்தாலும் பயனில்லை. பத்திகளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகின்றன. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் அதற்குச் செல்லும் வாயில் வேற்றுமொழியில் இருக்கிறது. இது நீதியன்று, மாற்றக் குரல் கொடுக்க வேண்டியதே. ஆயினும் தேர்வு நாள் நமக்காகக் காத்திராது.

மொழி ஒன்றே தடையென்று எண்ண வேண்டா. தமிழிலேயே ஒரு பத்தியை அமைத்துப் பார்ப்போம்:

'மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம். ஆயினும் நீர் காரைக்கால் கடைமடையை அடையப் பல நாள்கள் ஆகும். இடையே வாய்க்கால்கள் தூர்ந்திருந்தால் மேலும் தாமதமாகும். ஆகவே, அணை திறந்த நாளை மட்டும் கொண்டு கடைமடைச் சாகுபடியைக் கணிக்க இயலாது.'

நான்கு விடைகள் தரப்படுகின்றன. அ) மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படுவது வழக்கம். ஆ) இந்திய வேளாண்மை பாசனத்தையே நம்பியுள்ளது. இ) கடைமடை உழவர் வஞ்சிக்கப்படுகின்றனர், அரசு உடனே தூர்வார வேண்டும். ஈ) கடைமடைச் சாகுபடியைக் கணிக்க அணை திறக்கும் நாள் மட்டும் போதாது.

முதலாவது பத்தியில் உள்ளதே. எனினும் அது வாதத்திற்கு ஏறும் படியேயன்றி வாதம் அன்று. இரண்டாவது பத்தியைவிடப் பெரியது. இவ்விரண்டையும் நம் பிள்ளைகள் எளிதில் தள்ளிவிடுவர். இடறுவது மூன்றாவதில்தான். ஏனெனில் அது நமக்கு உண்மையாகப் படுகிறது. அரசலாற்று வாய்க்கால் ஓரத்தில் கூலி வேலைக்குக் காத்திருந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வரியைப் படித்தவுடன் நெஞ்சு பதறும். கை தானே அதனைக் குறிக்கும். ஆனால் பத்தி எழுதியவர் வஞ்சனை என்று சொல்லவில்லை, தூர்வாரச் சொல்லவுமில்லை. விடை 'ஈ'. தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வறுமை, கல்வி, இடஒதுக்கீடு பற்றிய பத்தி வந்தால் இந்த இடர் பன்மடங்காகும். பட்டறிவு மிகுந்தவனே அங்கு அதிகம் தவறுகிறான். அப்படியானால் நம் பட்டறிவைத் துறந்துவிடுவதா என்று இளைஞர் சிலர் சினத்தோடு கேட்கின்றனர். சினம் நியாயமானதே. அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் வழியைக் காட்டுகிறோம்.

1936இல் லாகூர் மாநாட்டிற்கென அவர் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரை, மாநாடே கைவிடப்பட்டதால் பேசப்படாமல் போயிற்று. அவரே அதனை அச்சிட்டார். காந்தியார் தம் 'ஹரிஜன்' இதழில் மறுப்பு எழுதினார். 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் அண்ணல் அம்மறுப்பையும் சேர்த்தே அச்சிட்டுப் பதில் எழுதினார். எதிராளியின் சொற்களை முழுமையாக வாசகர் முன் வைத்தபின் விடையிறுத்த துணிவைக் கவனியுங்கள். அப்பதிலில் தம் உரையின் முதன்மைக் கருத்துகளை வரிசையிட்டுக் காட்டினார். காந்தியார் எழுப்பிய வினாக்கள் உரையின் மைய வாதத்தைத் தொடவே இல்லை என்றார். நாட்டின் மாபெரும் தலைவருக்கு எதிராக அவர் வைத்த குறைகளுள் ஒன்று, மையக் கருத்தைத் தவறவிட்டார் என்பதே! பிறர் சொன்னதைச் சொன்னபடி கண்டுகொள்வது அதற்கு இணங்குவதாகாது. மறுக்க விரும்புவோனுக்கே அது முதலில் தேவை.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறோம். படிப்பகத்திற்கு வரும் ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தை எடுங்கள். தலைப்பைத் தாளால் மறையுங்கள். 'ஆனால்', 'ஆயினும்', 'ஆகவே' என்னும் பொருள்படும் சொற்கள் வருமிடத்தில் நிதானியுங்கள். வாதம் பெரும்பாலும் அங்கேதான் திரும்பும். பின்னர் ஆசிரியர் கூற்றைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். உங்கள் கருத்தைப் பக்கத்தில் தனியே எழுதுங்கள். இரண்டும் கலத்தல் ஆகாது. இன்னொன்று: 'எடுகோள் யாது', 'பெறப்படுவது யாது' என்று கேட்பவை வேறு வினாக்கள். கேள்வியின் கடைசிச் சொல் வரை படித்த பின்னரே விடைகளைப் பாருங்கள்.

இருவர் இருவராக அமர்ந்து செய்தால் நலம். விடையில் வேறுபட்டால் குரலை உயர்த்த வேண்டா. தம் விடைக்கு ஆதாரமான வரியின்மேல் ஒவ்வொருவரும் விரலை வைத்துக் காட்ட வேண்டும். வைக்க வரி கிடைக்காதவர் தம் விடையை அடித்துவிட வேண்டும்.