கட்டளைக்கு விலை எதற்கு?



1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியில் மட்டக்களப்பின் கூரைகள் பறந்தன, சுவர்கள் சாய்ந்தன, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதன் பிறகுதான், 1980இல், கடுங்காற்றைத் தாங்கும் கட்டடங்களுக்கான வழிகாட்டியை அரசாங்கம் வெளியிட்டது. இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்த அந்நூல், நமது கரையைக் காற்று மிகக் கடுமையான முதலாம் வலயத்தில் வைத்தது. கட்டட விதி என்பது அலுவலகத்தில் பிறந்த வெறும் எழுத்து அல்ல. பல வேளைகளில் அது, செத்தவர்கள் இருப்பவர்களுக்கு விட்டுப்போன அறிவு.

இன்று இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். தர முத்திரை இல்லாத சீமெந்தை இந்த நாட்டில் விற்க முடியாது. நல்ல சட்டம், நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அந்த முத்திரைக்குப் பின்னால் நிற்கும் எஸ்.எல்.எஸ். 107 என்ற சீமெந்துக் கட்டளை, அதாவது தரவிதி, என்ன சொல்கிறது என்று மட்டக்களப்பின் படுவான்கரையில் வீடு கட்டும் ஒரு மேசன் படிக்க விரும்பினால், அந்த நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமோ, சட்ட, நிருவாகத் தன்மையுள்ள உத்தியோகபூர்வ வாசகங்களுக்கும் அவற்றின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்புகளுக்கும் பதிப்புரிமை கிடையாது என்று 8ஆம் பிரிவில் சொல்கிறது. ஒரு கட்டளையைக் கட்டாயம் என்று வர்த்தமானி அறிவித்த பின், அது சட்டத்தின் உடலோடு சேர்ந்துவிடுகிறது என்பதே என் வாதம். தலையை இலவசமாகக் காட்டி உடலுக்கு விலை கேட்பது முறையல்ல.

கட்டளை எழுதும் நிபுணர் குழுவுக்கும் ஆய்வுகூடத்துக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முத்திரை பெறும் உற்பத்தியாளர் கட்டணம் செலுத்துகிறார். பரிசோதனைக்கும் கட்டணம் உண்டு. பொதுமக்களின் பாதுகாப்புக்கான மீதிச் செலவைத் திறைசேரி ஏற்பதில் என்ன தவறு? நான் எல்லாக் கட்டளைகளையும் கேட்கவில்லை. கட்டாயமாக்கப்பட்டவற்றை மட்டுமே கேட்கிறேன். வெளிநாட்டு அமைப்பிடம் இரவல் பெற்ற கட்டளையென்றால், கட்டாயமாக்கும் முன்பே அரசாங்கம் அதற்கான அனுமதியை வாங்கட்டும். இந்தியாவில் தரங்களை இலவசமாக வெளியிடக் கோரி 2015இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. இன்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் தான் உருவாக்கிய தரங்களை இலவசமாகவே வழங்குகிறது. விளையாட்டுப் பொருட்களின் பாதுகாப்புக் கட்டளைகளை மக்கள் படிப்பதில் மேலான பொதுநலன் உண்டு என்று 2024 மார்ச் 5இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சாதாரண மக்களுக்கு இது விளங்காது என்பது இன்னொரு மறுப்பு. எல்லோருக்கும் விளங்க வேண்டியதில்லை. தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு, ஊர்ச் செய்தியாளர் ஒருவருக்கு, கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஒருவருக்கு விளங்கினால் போதும். தரக்குறைவான வேலையை ஆதாரத்தோடு தட்டிக்கேட்க ஓர் ஆள் கிடைத்துவிடுவார். தமிழில் இருந்தால் இன்னும் பலர் கிடைப்பார்கள்.

இந்த மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இந்த அவையின் சார்பில் வேண்டுகிறேன்: ஒரு கட்டளை கட்டாயமென்று வர்த்தமானியில் வரும் அன்றே, அதன் முழு வாசகமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இலவசமாக வெளியாக வேண்டும். அதற்கான திருத்தத்தைச் சபையில் கொண்டுவாருங்கள்.