மண்டபம் கேம்ப் வழியாகப் போன பெண்களை மறக்கலாமா?

(ஆகஸ்ட் 1 அன்று மண்டபத்தில் நடந்த மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



1834 ஆகஸ்ட் 1, பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். கரீபியன் நாடுகள்ல இதை விடுதலை நாளா கொண்டாடுறாங்க. நம்ம இராமநாதபுரம் கரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க.

சம்பந்தம் இருக்கு. கறுப்பின மக்களோட விலங்கைக் கழற்றிய அதே அரசுதான், மொரீஷியசுக்கும் கரீபியனுக்கும் நம்ம ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றியது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி வந்தான். முன்பணம் கொடுத்தான், கடனாளி ஆக்கினான். 'துண்டு' முறையில் கடனைத் தீர்க்காமல் தோட்டம் மாற முடியாது. 1921 வரைக்கும் இதுதான் நிலைமை!

ஆரம்பத்தில் இந்தக் கரையில் தோணி ஏறி, மன்னார்ல இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தாங்க. வழியிலேயே செத்தவங்க ஏராளம். பிறகு இதே மண்டபம் கேம்ப்ல அடைச்சு வெச்சு, அம்மை குத்தி, தனுஷ்கோடியிலிருந்து கப்பல் ஏத்தினாங்க. போனவங்கள்ல பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள்.

அதிலும் பெண்கள் பாடு சொல்லி மாளாது. விடியுமுன்னே பிரட்டுக்கு நிக்கணும், கூடையோட மலையேறிக் கொழுந்து பறிக்கணும், லயத்துக்குத் திரும்பி உலை வைக்கணும். 1927-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம்கூட பெண்ணுக்குக் குறைச்சுத்தான் கொடுத்தது.

இந்த மக்களிடம் போய்ப் பாடியவர் மீனாட்சி அம்மாள். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் என்று ஒரு வரியில் முடிச்சிடுறாங்க. ஆனால் கூட்ட மேடைகளில் அவர் பாட்டைக் கேட்டுத்தான் எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் உரிமை புரிஞ்சது. தானே பாட்டெழுதி, அச்சிட்டுப் பரப்பியவர் அவர்.

ஜமைக்காவில் அடிமை முறைக்கு எதிராகப் போராடிய கறுப்பினத் தலைவி நானியைத் தேசிய வீராங்கனையாக அறிவிச்சு, 500 டாலர் நோட்டிலேயே படம் போட்டிருக்காங்க. நம்ம மீனாட்சி அம்மாள் பேரு நம்ம பிள்ளைகள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

கதை அதோட முடியலை. 1948-இல் இலங்கை குடியுரிமையைப் பறிச்சது. 1964 சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதுன்னு முடிவாச்சு. அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. மலையக வம்சாவளியினர் பலர் இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் நாடற்றவர்களாக இருக்காங்க.

ஆகவே நம் கோரிக்கை மூன்று:

✊ மண்டபத்தில் தோட்டத் தொழிலாளர் நினைவகம் வேண்டும்.
✊ பாடநூலில் மீனாட்சி அம்மாள் வரலாறு இடம்பெற வேண்டும்.
✊ முகாம்வாழ் மலையகத் தமிழருக்குக் குடியுரிமை வேண்டும்.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது இந்தக் கேம்ப் வழியா போயிருந்தால், அந்தப் பாட்டியின் பேரைக் கீழே எழுதுங்க. கங்காணி கணக்கில் கடனாளியா மட்டுமே இருந்தவங்க, நம்ம வரலாற்றில் பேரோட இருக்கட்டும்.



#மண்டபம்கேம்ப் #மீனாட்சிஅம்மாள் #மலையகத்தமிழர்